சோற்றில் கல்

2008-ம் வருஷம் செப்டம்பர் மாதம் உலக இசை வியாபாரத்தில் ஒரு கூத்து நடந்தது. இருபத்தேழு வருஷ அனுபவமுள்ள ஒரு பெரிய ராக் குழு புது ஆல்பம் போட்டது. கடையில் போய்க் காசு கொடுத்து வாங்கிய சிடியைவிட, அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் நன்றாக ஒலித்தன. விளையாட்டு என்றால், பிளாஸ்டிக் கிடாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டி.வி. திரையில் ஓடி வருகிற கலர் புள்ளிகளுக்கு ஏற்பப் பொத்தானை அமுக்குகிற சமாசாரம். பிள்ளைகள் விளையாடுவது. அதில் டிரம்ஸ் டிரம்ஸாகக் கேட்டது. சிடியில் கரகரத்தது.

குழு, மெட்டாலிகா. ஆல்பம், 'டெத் மேக்னெடிக்'. விளையாட்டு, 'கிடார் ஹீரோ'.

"மெட்டாலிகாவா? அந்தக் காட்டுக் கத்தலா?" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். இது ரசிகர்களைப் பற்றிய கதை. நீங்கள் ராஜா ரசிகராக இருக்கலாம், ரஹ்மான் ரசிகராக இருக்கலாம், மதுரை சோமு தவிர மற்ற எல்லாம் வேஸ்ட் என்கிற கட்சியாகக்கூட இருக்கலாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் சின்ன அறிமுகம். ஹெவி மெட்டலின் கனம், பங்க் ராக்கின் வேகம் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் வருவது த்ராஷ் மெட்டல். எண்பதுகளின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் தலையெடுத்தது. மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் என்று நான்கு குழுக்களை அதன் பெரிய தலைகள் என்பார்கள். நமக்குச் சமயக்குரவர் நால்வர் மாதிரி அவர்களுக்கு இந்த நால்வர்.

மெட்டாலிகாவை 1981-ல் ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ரிதம் கிடார் வாசித்துக்கொண்டே பாடும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக். 1983-ல் முதல் ஆல்பம். 1986-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்துக்கு மேல் இந்த வகையில் எதுவும் வரவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதே வருஷம் செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து, பாஸ் கிடார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். வயது 24.

ரசிகர்களின் புகார்ப் புத்தகம் அதற்குப் பிறகுதான் தடிக்க ஆரம்பித்தது.

1988-ல் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. பர்ட்டன் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பாஸ், கலவையில் காணாமல் போயிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு தேடினாலும் அகப்படாது. புகார். அதே ஆல்பத்தின் 'ஒன்' பாட்டுக்கு முதல் முறையாக வீடியோ எடுத்தார்கள். போச்சு, வியாபாரியாகிவிட்டார்கள் என்று புகார். 1991-ல் கறுப்பு அட்டை போட்ட ஆல்பம். வேகம் குறைந்தது, பாட்டின் நீளம் குறைந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. இத்தனை பேருக்குப் பிடித்ததே ஒரு புகார். 1996-ல் 'லோட்' வந்தபோது நான்கு பேரும் முடியை வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஆமாம் சார், முடி வெட்டியதற்கும் புகார்.

2000-ல் பாட்டுகளை இலவசமாகப் பரிமாறிக்கொள்ள உதவிய நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டார்கள். தங்கள் பாட்டைப் பகிர்ந்ததாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தார் உல்ரிக். ரசிகனையே காட்டிக் கொடுத்துவிட்டான் என்று வசவு. 2003-ல் 'செயின்ட் ஆங்கர்'. மருந்துக்கும் கிடார் சோலோ கிடையாது. ஸ்னேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டிக் கம்பிகள் இருக்கும். அவைதான் அந்த 'சரக்' சத்தத்தைக் கொடுப்பவை. அவற்றைத் தளர்த்திவிட்டு வாசித்ததில் ஆல்பம் முழுக்கத் தகர டப்பாவைத் தட்டுகிற ஓசை. அதற்கு விழுந்த திட்டு இன்னும் ஓயவில்லை.

நான் பி.காம். படித்தவன். கணக்கு எழுதுகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடம், எல்லாவற்றையும் 'இதர செலவுகள்' தலைப்பில் போடாதே என்பது. போட்டால் திருட்டு எது, டீச் செலவு எது என்று தெரியாது. மெட்டாலிகா ரசிகர்கள் இருபது வருஷம் அதைத்தான் செய்தார்கள். எல்லாப் புகாரையும் ஒரே தலைப்பில் எழுதினார்கள்.

பிரித்திருக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தவன் இரண்டு விதமாகக் குறை சொல்லலாம். 'எங்கம்மா வைக்கிற குழம்பு மாதிரி இல்லை' என்பது ஒன்று. 'சோற்றில் கல் கிடக்கிறது' என்பது இன்னொன்று. முதலாவது சமையல்காரருக்கும் உங்கள் பால்யத்துக்கும் நடக்கிற வழக்கு. அதில் தீர்ப்பே கிடையாது. இரண்டாவதில் கல்லை எடுத்து இலை ஓரத்தில் வைத்துக் காட்டலாம்.

முடி வெட்டியது, வீடியோ எடுத்தது, வேகம் குறைந்தது எல்லாம் அம்மா குழம்பு. தகர டப்பா டிரம்மும் அம்மா குழம்புதான். உல்ரிக் அந்தச் சத்தத்தை விரும்பித்தான் வைத்தார். அவர் நினைத்தது அப்படியே நம் காதுக்கு வந்தது. நமக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 1988-ன் காணாமல்போன பாஸ் மட்டும் கல். ஒரு மனுஷன் வாசித்திருக்கிறான், கேட்கவில்லை.

இப்போது 'டெத் மேக்னெடிக்' ஆல்பத்துக்கு வருவோம்.

தயாரிப்பாளர் ரிக் ரூபின். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' செய்த காலத்து மனநிலைக்குப் போய் யோசியுங்கள் என்பது அவர் குழுவுக்குச் சொன்ன யோசனை. பத்துப் பாட்டு, ஏறக்குறைய எழுபத்தைந்து நிமிஷம். சோலோ திரும்பி வந்தது. வேகம் திரும்பி வந்தது. செப்டம்பர் 12-ம் தேதி வெளியானதும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 'பழைய ஆட்கள் திரும்பிட்டாங்க' என்று ஒரு கட்சி. 'தங்களையே காப்பி அடிக்கிறாங்க' என்று எதிர்க் கட்சி.

எதிர்க் கட்சியிடம் நல்ல ஆதாரம் இருந்தது. 1984, 1986, 1988 ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் நான்காவது பாட்டு ஒரே மாதிரி நடக்கும். மெல்லிய கிடாரில் சோகமாக ஆரம்பித்து, நடுவில் கனத்து, கடைசியில் குதிரைப் பாய்ச்சலில் முடியும். 2008-லும் நான்காவது பாட்டு, 'தி டே தட் நெவர் கம்ஸ்', அதே நடை, அதே பாய்ச்சல். தற்செயல் என்றால் காது குத்தியாகிவிட்டது என்று சொல்லலாம்.

என் அபிப்பிராயம்: காப்பிதான், ஆனால் உயிருள்ள காப்பி. அந்தப் பாட்டின் முதல் பாதி பழைய சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி கொஞ்சம் இறுக்கம். கடைசி மூன்று நிமிஷம் இரண்டு கிடார்களும் ஒன்றையொன்று துரத்துகிற இடத்தில் வயசு மறந்துபோகிறது. 'ஆல் நைட்மேர் லாங்' அவர்களின் எந்தக் காலத்துப் பாட்டோடும் நிற்கும். 1991-ல் எழுதிய 'அன்ஃபர்கிவன்' பாட்டுக்கு மூன்றாம் பாகம் தேவையே இல்லை. பாடலே இல்லாத அந்தப் பத்து நிமிஷ வாத்தியத்தில் பாதியை வெட்டியிருக்கலாம். கூட்டிக் கழித்தால், நாற்பதைத் தாண்டிய நான்கு பேர் செய்த நல்ல ஆல்பம்.

இதெல்லாம் ருசி விவகாரம். நீங்கள் மறுக்கலாம். மறுக்க முடியாத விஷயம் வேறு இடத்தில் இருந்தது.

ஆல்பத்தின் முதல் பாட்டு இதயத் துடிப்பில் ஆரம்பிக்கிறது. லப், டப். அதன் மேல் மெல்ல ஒரு கிடார். பிறகு திடீரென்று எல்லா வாத்தியமும் வந்து இடிக்க வேண்டும். துடிப்பு எவ்வளவு மெல்லியதோ, இடி அவ்வளவு பலம். எழுதியவன் போட்ட கணக்கு அது. சிடியில் அந்த இடி விழும்போது பலம் தெரியவில்லை. கரகரப்புத்தான் தெரிந்தது. டிரம் அடி ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை அளவுக்கு மீறித் திருகி வைப்பார்களே, அந்த ஜாதி.

ஏன் அப்படி? சிடியில் சத்தத்துக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. அதற்கு மேல் ஒரு இம்மி போகாது. வீட்டுக் கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே டிரம் அடி நெட்டையாக நிற்கிறது. குரல் நடுத்தர உயரம். மெல்லிய கிடார் முழங்கால் உயரக் குழந்தை. இந்த உயர வித்தியாசத்தில்தான் பாட்டு மூச்சு விடுகிறது. ஒருவர் வந்து, "பக்கத்து வீட்டைவிட நம்ம வீட்டு ஆட்கள் எல்லோரும் உயரமாகத் தெரியணும்" என்கிறார். கூரையைத் தூக்க முடியாது. ஆகவே குழந்தையை ஸ்டூலில் ஏற்றுகிறார். நடுத்தரத்தையும் ஏற்றுகிறார். நெட்டையன் தலை கூரையில் இடிக்கிறது. அமுக்குகிறார். அப்படியும் இடிக்கிறது. சரி என்று தலையைச் சீவிவிடுகிறார். அந்தச் சீவலைத்தான் நீங்கள் கரகரப்பாகக் கேட்கிறீர்கள்.

பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதா? இதற்கு ஒரு வியாபாரக் காரணம் உண்டு. ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாவதில் சத்தத்தைச் சொற்பம் கூட்டினால், இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்று மனிதக் காது சத்தியம் செய்யும். ரேடியோவில் அடுத்தவன் பாட்டைவிட நம் பாட்டு சவுண்டாகக் கேட்க வேண்டும் என்று தொண்ணூறுகளில் கம்பெனிகள் ஒன்றையொன்று முந்தின. ஒலிச் சண்டை என்று இதற்குப் பெயரே உண்டு. ரூபின் தயாரித்த ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 'கலிஃபோர்னிகேஷன்' (1999) மீதும் இதே குற்றச்சாட்டு இருந்தது.

மெட்டாலிகா மாட்டிக்கொண்டது அந்த விளையாட்டால். 'கிடார் ஹீரோ'வில் பையன் பொத்தானைத் தப்பாக அமுக்கினால் கிடார் சத்தம் மட்டும் நின்றுபோக வேண்டும். மற்ற வாத்தியங்கள் ஓட வேண்டும். அதற்காக ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடமாக விளையாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தார்கள். கடைசி நேர நசுக்கல் இவற்றின் மேல் விழவில்லை. ஆல்பம் வெளியான அதே நாளில் விளையாட்டிலும் வந்தது. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். அளந்தும் பார்த்தார்கள். சிடி சுமார் 10 டெசிபல் சத்தம் அதிகம். படமாக வரைந்தால் விளையாட்டில் இருந்தது மேடும் பள்ளமுமான மலைத்தொடர். சிடியில் இருந்தது கருங்கல் சுவர்.

கல்லை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாகிவிட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள், மறுபடி கலவை செய்து வெளியிடுங்கள் என்று மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் மாதிரியான வியாபாரப் பத்திரிகையே இதைச் செய்தியாக்கியது. ஆல்பத்துக்கு மாஸ்டரிங் செய்தவர் டெட் ஜென்சன், நியூயார்க்கில் பெரிய கை. பாடல்கள் தன் கைக்கு வரும்போதே நசுங்கித்தான் வந்தன என்றும், இதில் தன் பெயர் இருப்பதில் பெருமை இல்லை என்றும் ஒரு ரசிகருக்குப் பதில் எழுதினார். அது வெளியே கசிந்தது.

குழு என்ன சொன்னது? உல்ரிக் அசரவில்லை. மெட்டாலிகாவில் இருந்தால் யாராவது எதற்காவது குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள், ஹெட்ஃபீல்ட் காலையில் சாப்பிட்டது சரியில்லை என்றுகூடச் சொல்வார்கள் என்கிற தோரணையில் பேசினார்.

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வருவதற்குப் பதிலாகப் பாவமாக இருந்தது. யோசித்துப் பாருங்கள். இருபது வருஷமாக ஒருவரைத் தலைமுடிக்குத் திட்டி, வீடியோவுக்குத் திட்டி, அதிகம் விற்றதற்குத் திட்டி வந்திருக்கிறோம். இருபத்தோராவது வருஷம் உண்மையான குறையைக் கொண்டுபோய் வைத்தால் அவர் அதை எந்த ஃபைலில் போடுவார்? 'புலி வருது' கதைதான். புலி நிஜமாகவே வந்தபோது ஊர்க்காரன் திண்ணையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்க அவசியமும் இல்லை. அமெரிக்காவில் மூன்றே நாளில் 4 லட்சத்து 90 ஆயிரம் பிரதிகள் போயின. பட்டியலில் முதலிடம். அடுத்த வருஷம் கிராமி விருதுகளில் ரூபின்தான் ஆண்டின் சிறந்த தயாரிப்பாளர். ஆல்பத்துக்கு இன்னொரு கிராமியும் கிடைத்தது. எதற்குத் தெரியுமா? சிறந்த அட்டைப்பெட்டி வடிவமைப்புக்கு. பெட்டி பிரமாதம், உள்ளே இருப்பதுதான் கொஞ்சம் கரகரக்கிறது. விற்பனைக் கணக்கில் கரகரப்புக்குத் தனிப் பத்தி கிடையாது சார்.

குழுவுக்குப் பரிந்து பேசிய ரசிகர்களையும் கவனிக்க வேண்டும். "மெட்டல்னா சத்தம்தான். மெல்லிசு வேணும்னா வேற கடைக்குப் போ" என்பது அவர்கள் வாதம். கேட்க வீரமாக இருக்கிறது. இதற்குள் ஒரு நியாயமும் ஒளிந்திருக்கிறது. ஹெவி மெட்டல் கிடாரின் அந்த உறுமல் இருக்கிறதே, அதுவே ஒலியின் தலையைச் சீவுவதால் வருவதுதான். ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் தள்ளினால் கிடைப்பது. அப்படியென்றால் அங்கே அழகு, இங்கே மட்டும் பழுதா?

ஆமாம். கோழிக்கு மசாலா தடவுவது சமையல். இலை முழுக்க, பாயசம் வரைக்கும் தடவினால் அதற்குப் பெயர் வேறு. கிடார்காரன் தன் கிடாரை மட்டும் சீவுகிறான். எவ்வளவு, எந்த இடத்தில் என்று அவன் விரல் முடிவு செய்கிறது. பக்கத்தில் டிரம் சுத்தமாக விழுவதால்தான் அந்த உறுமலுக்கு மிரட்டல் வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சீவினால் உறுமலே மழுங்கிப்போகிறது. சத்தத்தைக் கூட்டியதில் மெட்டல் குறைந்துவிட்டது என்பதுதான் இந்த ஆல்பத்தின் துயரம். நல்ல பாட்டுகள் ஆயிற்றே என்பதால் இன்னும் கொஞ்சம் வலி.

காலம் இதில் ஒரு வேடிக்கையான தீர்ப்பும் எழுதிவிட்டது. இன்றைக்கு நாம் பாட்டு கேட்பது பெரும்பாலும் ஸ்பாட்டிஃபை, யூடியூப் வழியாக. கத்துகிற பாட்டின் வால்யூமை அவை தாமாகவே இறக்கி, மற்ற பாட்டுகளின் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அடுத்த வீட்டைவிட உயரமாகத் தெரியத்தானே தலையைச் சீவினார்கள்? இப்போது உயரம் போய்விட்டது. சீவிய தலை மட்டும் மிச்சம். கையெழுத்துப் போட்ட அந்தப் பத்தாயிரம் பேர் சொன்னதை மெஷின் ஒப்புக்கொண்டுவிட்டது.

அதற்காக ரசிகர்களுக்கு மாலை போட்டு முடித்துவிட முடியாது. 2023 ஏப்ரலில் மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' வந்தது. பன்னிரண்டு பாட்டு, 77 நிமிஷம். கடைசிப் பாட்டு மட்டும் பதினோரு நிமிஷத்துக்கு மேல், அவர்கள் எழுதியதிலேயே நீளமானது. மறுபடி புகார்ப் புத்தகம் திறந்தது. நீளம், ஒரே மாதிரி, சோலோவில் புதுசாக ஒன்றுமில்லை, பப்பெட்ஸ் எங்கே, இது எங்கே.

தலைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். வருஷத்துக்கு நான்கு பருவம் என்று 72 பருவம் என்றால் பதினெட்டு வருஷம். மனுஷனின் முதல் பதினெட்டு வயசு. நிஜமோ பொய்யோ, நாம் யார் என்பது அதற்குள் உருவாகிவிடுகிறது, மிச்ச ஆயுசு முழுக்க அதைச் சுமக்கிறோம் என்பது ஹெட்ஃபீல்டின் கருத்து. (நமக்கு வருஷத்துக்கு ஆறு பருவம். 108 வரும். அஷ்டோத்திரம்!)

தன்னைப் பற்றித்தான் அவர் எழுதினார். எனக்கென்னவோ ரசிகர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்று படுகிறது. பதினெட்டுக்குள் காதில் விழுந்த பாட்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. பிறகு வருகிற ஒவ்வொரு புது ஆல்பமும் அதோடு மோத வேண்டும். ஜெயிக்கவே முடியாது. ஏனென்றால் அந்தப் பழைய பாட்டோடு உங்கள் பதினெட்டு வயசும் சேர்ந்து வாசிக்கிறது. சைக்கிள், மொட்டைமாடி, இரவல் கேசட், பரீட்சைக்கு முந்தின ராத்திரி எல்லாம் பின்னணி வாத்தியம். இது குற்றமில்லை. இதைக் குற்றப்பத்திரிகையாக எழுதி எதிராளியிடம் நீட்டுவதுதான் தப்பு.

ஆகவே உங்கள் அபிமான இசையமைப்பாளர் அடுத்த முறை புதுசாக ஏதாவது போடும்போது, 'முன்ன மாதிரி இல்ல' என்று வாய் திறக்கும் முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில்? எத்தனையாவது நிமிஷத்தில்? விரல் வைத்துக் காட்ட முடிந்தால் விடாதீர்கள். மனுப் போடுங்கள், சண்டை போடுங்கள். பத்தாயிரம் பேரைச் சேருங்கள். அப்போதும் அவர் கேட்காமல் போகலாம். ஆனால் நீங்கள் சொன்னது நிற்கும்.

காட்ட முடியவில்லை என்றால், பேசாமல் பழைய கேசட்டை எடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஹெட்ஃபீல்ட் காலையில் என்ன சாப்பிட்டால் நமக்கென்ன? நம் இலையில் கல் கிடக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.